எழுபதின்மர் தந்த பிணை

தமிழில் 'நீலிக் கண்ணீர்' என்றொரு வழக்கு உண்டு. பொய்யாக அழுபவளைக் கண்டால் நம் ஊர்ப் பெரியவர்கள் இவ்வாறு கூறுவர். ஆனால் அந்த நீலி யார், அவள் ஏன் அழுதாள் என்று கேட்பவர் மிகச் சிலரே. கேட்டால் கிடைக்கும் விடை நம்மைத் திடுக்கிட வைக்கும். நீலி கொலையுண்ட ஒரு பெண். அவளைக் கொன்றவன் அவளோடு கூடி வாழ்ந்த ஆடவன். கொலையுண்டவளின் கண்ணீர் பொய்க்கு உவமையாகிவிட்டது. கொன்றவனைக் குறித்தோ ஒரு சொல் வழக்குகூட எழவில்லை.

இல்லத்துக்குள் பெண்ணுக்கு இழைக்கப்படும் கொடுமையைக் கலைஞர்கள் அரங்கிலும் காணொளியிலும் எவ்வாறு காட்டியிருக்கின்றனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இத்தகைய கலை மேனாட்டு நகரங்களில் அண்மையில் தோன்றிய புதுமை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த எண்ணம் முழுதும் சரியன்று. நம் வீட்டு வாயிலிலேயே, கோயில் கொடைப் பந்தலில், வில்லடித்துப் பாடப்படும் கலை ஒன்று உண்டு. அதிலிருந்து தொடங்கி வெளியுலகைப் பார்ப்போம். பார்க்கும்போது ஒரே ஒரு வினாவைக் கையில் வைத்துக்கொள்வோம்: கொடுமையைக் கண்டவர்க்கும் கேட்டவர்க்கும் உள்ள பொறுப்பு யாது?

எல்லைப்புறத்துக் கலை

1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி திருத்தியமைக்கப்பட்டபோது, அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு அருகே ஓர் எல்லை விழுந்தது. காட்டாக்கடை, நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து படிக்க வரும் தோழர்களுக்கு இவ்வரலாறு வீட்டுச் செய்தி. பாட்டி தமிழிலும் பேரன் மலையாளத்திலும் பேசிக்கொள்ளும் வீடுகள் அங்கே உண்டு.

அந்த எல்லை விழுவதற்கு முன்பே இரு பக்கத்துக்கும் பொதுவாய் இருந்தது வில்லுப்பாட்டு. மலையாள இலக்கிய வரலாற்றார் 'தெக்கன் பாட்டுகள்' என்று வகுத்துள்ள கதைப்பாடல்கள் இந்த மண்ணுக்கு உரியவை. தமிழும் மலையாளமும் பிரித்தறிய இயலாதவாறு கலந்த நடை அவற்றின் நடை. நெய்யாற்றின்கரை வட்டத்துக் காஞ்சிரங்குளத்தைச் சேர்ந்த கொச்சுகிருஷ்ணன் நாடார் போன்றோர் அவற்றைத் தேடித் தொகுத்தனர்.

வில்லுப்பாட்டின் அமைப்பு எளியது. மணிகள் கட்டிய நீண்ட வில் ஒன்று. அதனோடு சேர்த்து வைத்த மண்குடம். உடுக்கை, தாளம், கட்டை. அண்ணாவி வீசுகோலால் நாணைத் தட்டிக் கதை பாடுவார். உடனிருப்போர் 'ஆமாம்' போட்டுப் பின்பாட்டுப் பாடுவர். அமெரிக்க அறிஞர் சுடூவர்ட் பிளாக்பர்ன், 1988-இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில், இக்கதைகளைப் பிறப்புக் கதை, இறப்புக் கதை என இரு வகையாகப் பிரித்தார். தெய்வமாகவே தோன்றியோர் கதைகள் முதல் வகை. மனிதராய்ப் பிறந்து, கொலையாலோ பிற கொடுஞ்சாவாலோ மாண்டு, பின்னர்த் தெய்வமாக வணங்கப்படுவோர் கதைகள் இரண்டாம் வகை. இந்த இரண்டாம் வகையிலேதான் நாம் தேடும் பெண்கள் இருக்கின்றனர். நீலி அவர்களுள் ஒருத்தி.

நீலி கதை

நீலி கதை பல வடிவங்களில் வழங்குகிறது. வடக்கே திருவாலங்காட்டை அடுத்த பழையனூர் அதற்குக் களம். ஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே அக்கதையின் குறிப்பு உண்டு. சேக்கிழாரும் பழையனூர் வேளாளரைப் போற்றுகிறார். ஆகவே கதை ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பழைமை உடையது. தெற்கே நாகர்கோவிலுக்கு அருகிலுள்ள கள்ளியங்காட்டோடு இணைத்து அது பாடப்படுகிறது.

தென்னாட்டு வடிவத்தின் சுருக்கம் இது. கோயில் பூசை செய்யும் நம்பி ஒருவன் ஒரு நடனப் பெண்ணோடு வாழ்கிறான். அவன் கைப்பொருள் கரைகிறது. ஒருநாள் அவன் ஊரைவிட்டுப் போக, அவள் அவனைத் தேடிப் பின்தொடர்கிறாள். காட்டில் களைத்துப்போய் அவன் மடியில் தலைவைத்து உறங்குகிறாள். அவள் அணிந்திருந்த நகைகள் மேல் அவனுக்கு ஆசை. தலையில் கல்லைப் போட்டுக் கொல்கிறான். உயிர் பிரியும் வேளையில் அவள் சுற்றிலும் பார்க்கிறாள். மனிதர் எவரும் இல்லை. அருகில் நின்ற கள்ளிச் செடியைச் சாட்சியாக அழைத்துவிட்டு மாள்கிறாள். நகையோடு சென்றவனும் பாம்பு கடித்து இறக்கிறான்.

மறுபிறவியில் அவன் வணிகன், அவள் நீலி. பழி தீர்க்க அவனைத் துரத்துகிறாள். அச்சமுற்ற வணிகன் ஓர் ஊருக்குள் ஓடி, வேளாளர் எழுபதின்மர் கூடிய அவையில் அடைக்கலம் புகுகிறான். அவளும் வந்து நிற்கிறாள். அவள் இடுப்பில் ஒரு குழந்தை. முன்னர்ச் சாட்சியாய் நின்ற கள்ளியின் கிளையே இப்போது குழந்தை வடிவில் இருக்கிறது. 'இவர் என் கணவர்; என்னைக் கைவிட்டு ஓடுகிறார்' என்று கண்ணீர் சொரிகிறாள். 'இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள்' என்று அவன் கதறுகிறான். அவையோர் இருவரையும் மாறி மாறிப் பார்க்கின்றனர். கண்ணீரும் கைக்குழந்தையும் அவர்களை வென்றுவிடுகின்றன. 'கணவன் மனைவி பிணக்குத்தானே. ஓரிரவு ஓர் அறையில் இருந்தால் தீர்ந்துவிடும். உன் உயிருக்கு நாங்கள் எழுபது பேரும் பிணை' என்று சொல்லி அவனை அவளோடு அனுப்பிவிடுகின்றனர். பொழுது விடிகிறது. அறையில் அவன் பிணமாகக் கிடக்கிறான். சொன்ன சொல் தவறாத எழுபதின்மரும் உயிர் துறக்கின்றனர்.

கதையை நாம் படிக்கும் முறை

இக்கதையிலிருந்து ஊரார் பலர் எடுத்துக்கொண்ட பாடம், பெண்ணின் அழுகையை நம்பாதே என்பது. அவையில் நீலி அழுதது நடிப்பு என்பதை நாமும் மறுக்க இயலாது. ஆனால் காட்டில் அவள் அழுதது நடிப்பன்று. கதையின் முற்பாதியை மறந்து பிற்பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டதால் எழுந்ததே 'நீலிக் கண்ணீர்' என்னும் வழக்கு. இன்றும் அடிபட்ட ஒருத்தி காவல் நிலையத்திலோ உறவினர் முன்னோ அழும்போது அச்சொல் அவளுக்கு முன்பே அங்கே போய்க் காத்திருக்கிறது.

கண்ணகியையும் நீலியையும் ஒருங்கே வைத்துப் பாருங்கள். இருவரும் அவையேறி வழக்குரைத்த பெண்கள். கண்ணகி கணவனுக்காக வழக்குரைத்தாள்; அவளுக்குக் கோயில் எடுத்து இலக்கியம் செய்தோம். நீலி கணவனாய் இருந்தவன்மேல் வழக்குரைத்தாள்; அவளைப் பேயாக்கினோம். அவள் பெயரைச் சொல்லிக் குழந்தைகளை அச்சுறுத்தினோம்.

கதையில் அதைவிட ஆழமான இடம் ஒன்று உண்டு. அதுவே அவையோர் தந்த பிணை. அஞ்சி நடுங்கும் ஒருவன் அவர்கள் முன் நிற்கிறான். 'அந்த அறைக்குள் அனுப்பாதீர்கள், உயிர் போய்விடும்' என்கிறான். அவர்கள் அதைக் குடும்பப் பூசல் என்று முடிவு செய்து உள்ளே அனுப்பிவிடுகின்றனர். கதையில் அஞ்சி நிற்பவன் ஆடவன். நாம் அறிந்த வாழ்க்கையில் அந்த இடத்தில் நிற்பவள் பெரும்பாலும் பெண். தாய் வீட்டுக்கு ஓடி வந்தவளைப் பெரியவர்கள் கூடிப் பேசி, 'அவனிடம் சொல்லிவிட்டோம், இனி அடிக்க மாட்டான், நாங்கள் பொறுப்பு' என்று திருப்பி அனுப்பும் காட்சி எந்த ஊருக்குப் புதிது? அடிக்கிற கைதான் அணைக்கும் என்று பழமொழியும் சொல்லி அனுப்புவார்கள். வேறுபாடு ஒன்றே. பழையனூர் எழுபதின்மர் தம் பிணைக்குத் தம் உயிரை விலையாகக் கொடுத்தனர். இன்று பிணை சொல்வோர் துக்கத்துக்கு வந்து திண்ணையில் அமர்ந்துவிட்டு வீடு திரும்புகின்றனர்.

வில்லின் வலிமையும் குறையும்

அண்ணாவி பெரும்பாலும் ஆடவர். கொலையுண்ட பெண்ணின் கூற்றை அவர் தன்மையிடத்தில் வைத்துப் பாடுகிறார்; 'நான்' என்கிறார். ஓர் ஆடவர் தொண்டையிலிருந்து அவள் புலம்பல் எழும்போது, பந்தலில் இருக்கும் ஆடவரும் அதைக் கேட்டே ஆக வேண்டும். கொலை நேரும் இடத்தில் கண்ணுக்குக் காட்சி ஏதும் இல்லை. கல்லும் இல்லை, குருதியும் இல்லை. சொல்லும் உடுக்கையொலியும் மட்டுமே. கேட்போர் தத்தம் மனத்தில் அந்தக் காட்டை அமைத்துக்கொள்கின்றனர். இறந்தவளின் கதை முற்றும் வேளையில் கோமரத்தாடிமேல் தெய்வம் வருகிறது. அவள் பேசுகிறாள், ஊர் தலைவணங்குகிறது.

இது வில்லின் வலிமை. குறையும் இங்கேயே இருக்கிறது. ஊர் அவளுக்குச் செவிசாய்ப்பது அவள் இறந்த பிறகு. அவளுக்குப் பீடம் எழுகிறது, கொடை நடக்கிறது. மறுநாள் காலை, பந்தலுக்கு நான்கு வீடு தள்ளி ஒருத்தி அடிபட்டால், நேற்று தலைவணங்கியவர்களே அதை வீட்டு விவகாரம் என்பர். இறந்தவளைத் தெய்வமாக்கும் ஊருக்கு உயிரோடு இருப்பவளின் குரலைக் கேட்கப் பயிற்சி தேவைப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் புதிய கலைகள் அந்தப் பயிற்சியைத்தான் தர முயன்றன.

அடுக்களையிலிருந்து அரங்கத்துக்கு

கேரளத்தில் அதற்கு நல்லதொரு தொடக்கம் 1929-ஆம் ஆண்டு. அவ்வாண்டு வி. டி. பட்டதிரிப்பாடு எழுதிய நாடகத்தின் பெயரே 'அடுக்களையிலிருந்து அரங்கத்துக்கு' என்று பொருள்படுவது. நம்பூதிரி இல்லங்களில் அடைபட்டுக் கிடந்த அந்தர்ஜனங்களின் துயரை அது மேடையேற்றியது. அதன் பின் 1948-இல் 'தொழில்கேந்திரத்திலேக்கு' என்னும் நாடகத்தை அப்பெண்களே கூடி உருவாக்கி, தாமே நடித்தனர். முன்னதில் பெண்களுக்காக ஆடவர் பேசினர். பின்னதில் பெண்கள் தம் வாயால் பேசினர். பத்தொன்பது ஆண்டுகளில் நேர்ந்த இம்மாற்றம் சிறிதன்று.

1979-இல் தில்லியில் 'ஓம் ஸ்வாஹா' என்னும் தெரு நாடகம் எழுந்தது. 'ஸ்திரீ சங்கர்ஷ்' என்னும் பெண்கள் அமைப்பு அதை நடத்தியது. புகுந்த வீட்டில் இளம்பெண்கள் தீயில் வெந்து மாண்டால் அடுப்பு வெடித்த விபத்து என்று எழுதி முடித்துவிடும் காலம் அது. நாடகக் குழுவினர் தெருமுனையிலும் கல்லூரி வளாகத்திலும் வட்டமாக நின்று நடித்து, அது விபத்தன்று, வரதட்சணைக் கொலை என்று உரக்கக் கூறினர். திரை இல்லை, மேடை இல்லை. அயல்வீட்டார் நின்று பார்த்தே தீர வேண்டியிருந்தது. இத்தகைய கிளர்ச்சிகளின் விளைவாகவே 1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498அ பிரிவும், 1986-இல் வரதட்சணை மரணம் பற்றிய 304ஆ பிரிவும் சேர்ந்தன. 2024 சூலை முதல் நாள் முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்கிதாவில் அவ்விரண்டும் முறையே 85, 80 ஆகிய பிரிவுகளாக இடம்பெற்றுள்ளன.

தமிழகத்தில் அ. மங்கை 'மௌனக்குரல்' என்னும் முயற்சியின் வழியே 1994-இல் 'பச்ச மண்ணு' நாடகத்தை உருவாக்கினார். பெண் சிசுக்கொலை அதன் பொருள். பிறந்த வீட்டிலேயே பெண்ணுக்கு நேரும் முதற் கொடுமை அதுவன்றோ? தாலாட்டு, சடங்கு முதலிய நாட்டார் வடிவங்களை அந்நாடகம் எடுத்துக்கொண்டது. மக்கள் அறிந்த வடிவத்தில் அவர்கள் பேச மறுத்த பொருளைப் பேசியது. வில்லுப்பாட்டை வைத்து நாமும் அவ்வாறே செய்யலாம் என்பதற்கு இது நல்ல முன்மாதிரி.

உடலும் காணொளியும்

நாடகத்தில் நடிகர் வேறொருவராக நடிக்கிறார். நிகழ்த்துகலை என்று இன்று வழங்கும் கலையிலோ, கலைஞர் தம் உடலையே கருவியாக்கி, அவையோர் முன் ஒரு செயலை நேரே செய்கிறார். அச்செயலை ஒளிப்பதிவுக்கருவியின் முன் செய்து, பதிவையே படைப்பாக வைத்தால் அது காணொளிக் கலை ஆகிறது. எடுத்துக்காட்டுகளைக் கண்டால் இது தெளிவாகும்.

ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோ 1964-இல் கியோட்டோ நகரில் 'வெட்டும் நிகழ்வு' என்று நாம் பெயர்க்கத்தக்க ஒன்றைச் செய்தார். மேடையில் அசையாமல் அமர்ந்தார். முன்னே ஒரு கத்தரிக்கோல். அவையோர் ஒவ்வொருவராக ஏறி வந்து அவர் ஆடையில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. முதலில் வந்தோர் தயங்கினர். 1965-இல் நியூயார்க்கில் நிகழ்த்தியபோது எடுத்த படத்தில், துணிந்து வெட்டும் ஓர் இளைஞனையும், கண்ணிமை மட்டும் துடிக்க அமர்ந்திருக்கும் அவரையும் காண்கிறோம். அவையில் அமர்ந்து பார்ப்பவனுக்கும் கொடுமை செய்பவனுக்கும் இடையே உள்ள தொலைவு நான்கு படிக்கட்டே என்று அந்நிகழ்ச்சி காட்டிவிட்டது.

அமெரிக்கக் கலைஞர் மார்த்தா ராசுலர் 1975-இல் ஒரு காணொளி செய்தார். 'அடுக்களையின் குறியியல்' என்று அதன் தலைப்பைத் தமிழில் கூறலாம். ஏறத்தாழ ஆறு நிமிடம் ஓடும், கறுப்பு வெள்ளை. தொலைக்காட்சியில் சமையல் கற்பிக்கும் பெண்ணைப் போல அவர் நின்று, ஆங்கில அகரவரிசைப்படி பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் சொல்கிறார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. ஆனால் கை வேறு பேசுகிறது. கத்தி காற்றைக் குத்துகிறது. அகப்பையால் மொண்டதைச் சமைக்காமல் அப்பால் எறிவதுபோல் செய்கிறார். ஓர் அடியும் விழவில்லை. ஓர் ஆடவனும் தோன்றவில்லை. எனினும் அந்த அடுக்களையில் அடக்கி வைக்கப்பட்ட சினம் எவ்வளவு என்பது பார்ப்போர்க்குத் தெரிந்துவிடுகிறது. 2021-இல் ஜியோ பேபி இயக்கிய 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' மலையாளத் திரைப்படத்தைப் பார்த்தவர்கள், காய் நறுக்குவதும் பாத்திரம் தேய்ப்பதும் திரும்பத் திரும்ப வருவதை மறந்திருக்க மாட்டார்கள். வேலை ஓயாது திரும்ப வருவதே அங்கே அடியாகிறது.

நம் வினாவுக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு தென்னமெரிக்காவிலிருந்து வருகிறது. எக்குவடோர் நாட்டில் ஆயிரக்கணக்கான பெண்கள் தாம் பட்ட கொடுமைகளைக் கடிதங்களாக எழுதியிருந்தனர். 2015 நவம்பரில், தலைநகர் கீட்டோவின் காளைப்போர் அரங்கில், சுசான் லேசி என்னும் அமெரிக்கக் கலைஞர் அக்கடிதங்களை வைத்து ஒரு நிகழ்ச்சி நடத்தினார். முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆடவர்கள் வந்து, அப்பெண்களின் சொற்களைத் தம் வாயால் படித்தனர். காளையைக் குத்தி வீரம் காட்டும் களத்தில் நின்று ஓர் ஆடவன், 'நான் அடிபட்டேன்' என்று ஒரு பெண்ணின் சொல்லைச் சொன்னான். பின்னர் அது காணொளிப் படைப்பாகவும் காட்சிக்கு வந்தது. இதைப் படித்தபோது நம் அண்ணாவியை நினையாமல் இருக்க இயலவில்லை. தன்மையிடத்தில் பெண் கூற்றைப் பாடும் மரபு நம்மிடம் தொன்றுதொட்டு உள்ளது. அங்கே உயிரோடு இருக்கும் பெண்களின் சொல் படிக்கப்பட்டது. இங்கே இறந்தவளின் சொல் பாடப்படுகிறது. வேறுபாடு அவ்வளவே, ஆனால் அது பெரிய வேறுபாடு.

இரு ஐயங்கள்

கொடுமையைக் காட்டும் கலை அதை வேடிக்கையாக்கிவிடாதா என்பது முதல் ஐயம். இது நியாயமான அச்சம். கதாநாயகன் கதாநாயகியை அறையும்போது கைதட்டும் திரையரங்கை நாம் அறிவோம். தொலைக்காட்சித் தொடரில் ஓர் அறை மூன்று கோணங்களில் மும்முறை விழுவதையும் பார்த்திருக்கிறோம். மேலே கண்ட நல்ல படைப்புகளில் எதுவும் அடிக்கும் காட்சியை நம்பி நிற்கவில்லை. வில்லுப்பாட்டும் அவ்வாறே. அடியைக் காட்டினால் பார்ப்போர் கண் அடிப்பவன் கையைத் தொடரும். விளைவைக் காட்டினால் அவளைத் தொடரும்.

கலையால் அடி குறையுமா என்பது இரண்டாம் ஐயம். கலை மட்டும் குறைத்துவிடாது. ஆனால் அது உடைக்க வேண்டிய சுவர் எது என்பதைக் கணக்குகள் காட்டுகின்றன. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களுள் கணவனின் வன்முறைக்கு ஆளானோர் இந்திய அளவில் நூற்றுக்கு 29; தமிழ்நாட்டில் 38; கேரளத்தில் 10. கேரளத்தார் இதைக் கண்டு நிம்மதி அடைவதற்கில்லை. அதே ஆய்வில், சில காரணங்களுக்காகக் கணவன் அடிப்பது தகும் என்று கூறிய கேரளப் பெண்கள் நூற்றுக்கு 52. மேலும், உடலாலோ பாலியலாலோ வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களுள் நூற்றுக்கு 77 பேர் எவரிடமும் உதவி கேட்கவில்லை, எவரிடமும் சொல்லவுமில்லை. அந்த 77 பேரின் வாய்மூடிய நிலையே சுவர். தன் துன்பம் சொல்லத்தக்கது, கேட்கத்தக்கது என்று ஒருத்திக்குத் தோன்றுவதற்குக் கலை உதவும். அதற்கு மேல் சட்டமும் மனிதரும் வேண்டும்.

சட்டம் கூறும் பிணை

2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தை மாணவர் ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் படிக்க வேண்டும். உடலுக்குச் செய்யும் ஊறு, பாலியல் கொடுமை, சொல்லாலும் உள்ளத்தாலும் வதைத்தல், பொருளைப் பறித்தலும் மறுத்தலும் ஆகிய அனைத்தையும் அது வன்முறை என்கிறது. மணம் செய்துகொண்ட மனைவியோடு அமையாமல், திருமணம் போன்ற உறவில் வாழ்பவளையும் காக்கிறது. நம்பியோடு வாழ்ந்த அந்த நடனப் பெண் இன்று இருந்தால் அவளுக்கும் இச்சட்டத்தில் இடம் உண்டு. பகிர்ந்து வாழும் வீட்டில் தங்கும் உரிமையையும் பெண்ணுக்கு அது உறுதி செய்கிறது.

நம் வினாவுக்கு விடை அச்சட்டத்தின் நான்காம் பிரிவில் இருக்கிறது. வன்முறை நடந்தது, நடக்கிறது, அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் உடைய எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். உறவினராக இருக்க வேண்டியதில்லை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மேல் உரிமையியல் பொறுப்போ குற்றவியல் பொறுப்போ சாராது. 'நமக்கேன் வம்பு' என்று ஒதுங்குவோர்க்குச் சட்டம் தரும் மறுமொழி இது. எழுபதின்மர் தம் உயிரைப் பிணையாக வைக்க வேண்டியிருந்தது. நம்மிடம் சட்டம் கேட்பதோ ஒரு தகவல் மட்டுமே. 181 என்னும் மகளிர் உதவி எண்ணை அழைத்தாலும் வழி பிறக்கும்; உயிருக்கு இடர் நேரும் அவசர வேளையில் 112.

நம் மன்றம் செய்யத்தக்கது

கல்லூரி விழாக்களில் வில்லுப்பாட்டு நிகழ்த்துகிறோம். காந்தியடிகளின் கதையைக் கொத்தமங்கலம் சுப்பு வில்லில் பாடினார். சுப்பு ஆறுமுகம் சமூகச் செய்திகளை வில்லில் ஏற்றி நாடெங்கும் கொண்டு சென்றார். புதிய பொருள் வில்லுக்கு ஒவ்வாததன்று. ஆகவே அடுத்த விழாவில் நீலி கதையை எடுத்துக்கொள்வோம். அவையோர் பிணை தரும் இடம் வரை மரபுப்படி பாடுவோம். அங்கே வில்லை நிறுத்துவோம். அண்ணாவி பந்தலைப் பார்த்து, 'உள்ளே அனுப்பலாமா? பிணை யார்?' என்று கேட்கட்டும். பின் அஞ்சி நிற்பவனை நீக்கி அந்த இடத்தில் ஒரு பெண்ணை நிறுத்தி, அதே வினாவை மறுபடி கேட்கட்டும். பின்பாட்டுக்காரர் வழக்கம்போல 'ஆமாம்' போடாமல் வாளாவிருக்கட்டும். அந்த அமைதியைப் பந்தலில் உள்ளோர் உணர்வர்.

காணொளி செய்ய விரும்புவோர்க்கு விலையுயர்ந்த கருவி வேண்டா, கைப்பேசி போதும். அடுத்த வீட்டில் பாத்திரம் உருளும் ஓசையும் ஒரு கூக்குரலும் கேட்கின்றன. இந்த வீட்டில் ஒரு கை தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுகிறது. மீண்டும் ஓசை, மீண்டும் கூட்டுகிறது. மூன்று நிமிடம் அந்தக் கையை மட்டும் காட்டுங்கள். அந்தக் கை நம் கைதான் என்று சொல்லாமலே விளங்கிவிடும்.

சில நெறிகளை மறத்தல் கூடாது. உண்மையில் துன்புற்ற பெண்ணின் பெயரையும் ஊரையும் முகத்தையும் காட்டலாகாது. அவள் கூறியதை எடுத்தாள அவள் இசைவு வேண்டும். இன்று இசைந்தவள் நாளை மறுத்தால் படைப்பை நிறுத்திவிட வேண்டும். கைப்பேசியில் பரவிய காணொளியைத் திரும்ப அழைக்க இயலாது என்பதால், அவளைக் காட்டிக்கொடுக்கும் எதையும் பதிவே செய்யாதிருத்தல் நலம். நிகழ்ச்சி முடிந்ததும் உதவி எண்ணைத் தமிழிலும் மலையாளத்திலும் கூற வேண்டும். பார்த்தவர்களில் ஒருத்தி தனியே வந்து பேச விரும்பினால், இருந்து கேட்க ஒரு தோழி அங்கே காத்திருக்க வேண்டும். அவளைத் திருப்பி அனுப்பும் அறிவுரை மட்டும் எவரும் கூறலாகாது.

நீலி கதையைப் பந்தலில் அமர்ந்து கேட்கும் வாய்ப்பு நம் எல்லைப்புறச் சிற்றூர்களில் இன்னும் உண்டு. அடுத்த முறை கேட்கும்போது, பேய் வரும் இடத்துக்காகக் காத்திராமல், கள்ளிச் செடி வரும் இடத்தில் காது கொடுத்துக் கேளுங்கள். சாகும் வேளையில் அவள் சுற்றிலும் பார்த்தாள். அழைப்பதற்கு ஒரு மனிதர்கூட இல்லாததால்தான் ஒரு முட்செடியைச் சாட்சிக்கு அழைத்தாள். நம் அடுத்த வீட்டில் இருப்பவளுக்கு அந்த நிலை நேராதிருக்கட்டும்.